சந்தாப் பிடித்தம்: மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளரின் 65 நாள் வேலைநிறுத்தம், 1968

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மெம்பிஸ் நகரம், 1968 ஏப்ரல் 4 மாலை மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஊராகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அவர் எதற்காக அங்கே போயிருந்தார் என்று கேட்டால், துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தெரிவிக்கப் போயிருந்தார் என்ற விடை ஒரே வரியில் வந்துவிடும். 1,300 தொழிலாளர், 65 நாள் ஊதிய இழப்பு, அதற்கு முன் தோற்றுப்போன இரண்டு முயற்சிகள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வரிக்குள் மடங்கிக் கிடக்கின்றன.

கிங் மெம்பிஸில் முதன்முறை பேசிய மார்ச் 18ஆம் தேதிக்குள் வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களைக் கடந்திருந்தது. ஆகவே அவருடைய மரணத்தை மையமாக வைத்து இந்த நிகழ்வைப் படித்தால் போராட்டத்தின் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இரு தரப்பும் உண்மையில் எதற்காக 65 நாள் மல்லுக்கட்டின என்பதுதான் அந்தப் பாதி. கூலி உயர்வைப் பற்றி நகராட்சி பேசத் தயாராகவே இருந்தது. சங்கத்தை அங்கீகரிப்பது, தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது ஆகிய இரண்டை மட்டும் அது கடைசிவரை மறுத்தது. சம்பளப் பட்டியலில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கும் இந்தக் கோரிக்கையின் முழுப் பொருளை, சங்கத்தின் தேசியத் தலைவர்களுக்கு இணையாக மேயரும் உணர்ந்திருந்தார் என்பது என் கருத்து.

தொட்டி சுமந்தவர்கள்

அன்றைய மெம்பிஸில் குப்பைத் தொட்டியை வீட்டுக்காரர் தெருவோரம் கொண்டுவந்து வைப்பதில்லை. தொழிலாளிதான் வீட்டின் பின்புறம் போய்க் குப்பையைப் பெரிய தொட்டி ஒன்றில் கொட்டி, அதைத் தலையிலோ தோளிலோ சுமந்துகொண்டு வண்டிக்கு வர வேண்டும். ஓட்டை விழுந்த தொட்டியிலிருந்து கழிவு நீரும் புழுக்களும் கழுத்திலும் முதுகிலும் வழியும். சீருடை கிடையாது, வேலை முடிந்தபின் குளிக்க இடம் கிடையாது, அந்த நாற்றத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும். தொழிலாளர் அநேகமாக அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் மிசிசிப்பி டெல்டா பகுதியின் பருத்தித் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேற்பார்வையாளர்களோ வெள்ளையர்.

கூலி மணிக்கு ஏறத்தாழ 1 டாலர் 70 சென்ட். முழுநேரம் உழைத்தும் அரசின் உணவு உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்கே பல குடும்பங்களின் வருமானம் இருந்தது. மணிக்கணக்கில் கூலி பெறும், பணிவகை வரையறுக்கப்படாத ஊழியர்களாக அவர்களை நகராட்சி வைத்திருந்தது. அதனால் பணிமூப்பு, பதவி உயர்வு, விபத்து இழப்பீடு போன்ற எதுவும் அவர்களுக்கு உரிமையாகக் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நிலையில் சங்கம் கட்ட முயன்றவர் டி. ஓ. ஜோன்ஸ் என்ற தொழிலாளி. 1963இல் அவரையும் சேர்த்து 33 பேரை நகராட்சி வேலைநீக்கம் செய்தது. பிற்பாடு, மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களின் அமெரிக்கச் சம்மேளனம் மெம்பிஸில் கிளை ஒன்றைத் தொடங்க அனுமதித்தபோது, அந்த 33 பேரின் நினைவாகவே அதற்கு 1733 என்ற எண் வழங்கப்பட்டது. 1966இல் வேலைநிறுத்தம் செய்ய எடுத்த முயற்சி, நீதிமன்றத் தடையாணையைக் கண்டு தொடங்குமுன்னரே கலைந்தது. சந்தாவை முறையாகக் கட்டிவந்தவர்களோ மிகச் சிலர். சந்தா வாங்க ஜோன்ஸ் ஆள் ஆளாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. கொடுப்பவரோ மேற்பார்வையாளர் கண்ணில் பட்டுவிடாமல் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தாப் பிடித்தம் என்ற கோரிக்கை இந்த நடைமுறைச் சிக்கலில் பிறந்தது. நகராட்சியே சந்தாவைப் பிடித்து அனுப்பினால், பணம் ஒழுங்காக வந்து சேரும் என்பது ஒரு பயன். சங்கம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை மாதந்தோறும் நகராட்சியின் கணக்கேடே எழுதி ஒப்புக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய பயன்.

இரண்டு மழை நாள்கள்

1968 ஜனவரி இறுதியில் ஒரு மழை நாளில், கழிவுநீர்க் கால்வாய்ப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினத் தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டோர் இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளை மேற்பார்வையாளர்கள் மழை விடும்வரை உள்ளே அமர்ந்திருந்து முழு நாள் சம்பளமும் பெற்றனர். தொகை சிறியதுதான். ஆனால் மழையைக் காரணம் காட்டிக் கூலியை வெட்டுவது புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நிர்வாகத்தின் சிக்கன நடவடிக்கை என்பதால், இனி ஒவ்வொரு மழைக்கும் இதுதான் நடக்கும் என்பதைத் தொழிலாளர் புரிந்துகொண்டனர்.

பிப்ரவரி 1 அன்றும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் தங்கள் குப்பை வண்டியின் முன்பகுதியில் இடமில்லாததால், பின்புறம் குப்பையை அழுத்தும் அறைக்குள் ஒதுங்கினர். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒதுங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளையர் குடியிருப்புகளிலிருந்து வந்த புகார்களால் அது தடை செய்யப்பட்டிருந்தது. மின்கோளாறால் அழுத்தும் பொறி தானாக இயங்கத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கியது. பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று சங்கம் ஏற்கெனவே புகார் செய்திருந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நகராட்சி ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்தது. இழப்பீடு கேட்க அவர்களுக்குச் சட்டப்படி வழி இல்லை.

பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 12 திங்கட்கிழமை காலை, துப்புரவுப் பிரிவின் சுமார் 1,100 பேரில் 930 பேரும் கால்வாய்ப் பிரிவின் 230 பேரில் 214 பேரும் வேலைக்கு வரவில்லை. வாக்கெடுப்பு நடத்தி, முன்னறிவிப்புக் கொடுத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் இல்லை அது. சம்மேளனத்தின் தேசியத் தலைமைக்குச் செய்தியே பிற்பாடுதான் தெரிந்தது. விவரம் தெரிந்த எந்தச் சங்கத் தலைவரும் பிப்ரவரியில் துப்புரவு வேலைநிறுத்தம் தொடங்க மாட்டார். குளிரில் குப்பை நாறுவதில்லை. அதே மாதம் நியூயார்க் துப்புரவுத் தொழிலாளர் ஒன்பது நாளில் தங்கள் போராட்டத்தை முடித்துக்கொண்டனர் என்பது உண்மைதான். ஆனால் அங்கே சங்கத்துக்கு அங்கீகாரம் ஏற்கெனவே இருந்தது.

சட்டம் விட்டுவைத்த இடைவெளி

தனியார் துறைத் தொழிலாளருக்குச் சங்கம் சேரவும் கூட்டுப் பேரம் பேசவும் உரிமை தந்தது 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம். அரசு ஊழியர், விவசாயத் தொழிலாளர், வீட்டு வேலையாளர் ஆகியோரை அந்தச் சட்டம் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிட்டது. அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவர் பெருமளவில் பார்த்த வேலைகள் எவையோ அவையே பெரிதும் இப்படி விடுபட்டன. நகராட்சி ஊழியருடன் பேரம் பேசுவதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1959. கூட்டரசு ஊழியருக்கு 1962இல் அதிபர் கென்னடியின் ஆணை ஓரளவு உரிமை வழங்கியது. டென்னசியில் அப்படி எதுவும் இல்லை. எனவே மெம்பிஸ் தொழிலாளர், அங்கீகாரம் தருமாறு நகராட்சியைச் சட்டப்படி நிர்ப்பந்திக்க முடியாது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அதைச் சட்டவிரோதம் என்று நகராட்சி நீதிமன்றத்தில் நிறுத்த முடியும்.

மேயர் ஹென்றி லோப் அந்த இடத்தில்தான் உறுதியாக நின்றார். சலவை நிறுவனங்கள் நடத்திய வசதியான குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1950களில் பொதுப்பணித் துறை ஆணையராக இதே துப்புரவுப் பிரிவை நிர்வகித்தவர். 1968 ஜனவரி 1 அன்று இரண்டாம் முறை மேயராகப் பொறுப்பேற்றிருந்தார். கறுப்பினத்தவரின் வாக்கு அவருக்கு ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. அவரை வெறும் வில்லனாக வரைந்துவிட்டால் புரியவேண்டியது புரியாது. தொழிலாளர் நேரில் வந்தால் பேசுவார், குறைகளைக் கேட்பார், தன் ஆட்களைத் தானே கவனித்துக்கொள்வதாக மனதார நம்பினார். தோட்ட முதலாளியின் பரிவு அது. கேட்டால் கொடுப்பார், உரிமை என்று எழுதித் தர மாட்டார். சந்தாப் பிடித்தம் அந்த உறவையே முறித்துவிடும் என்பதால், அதற்கு ஒருபோதும் உடன்பட மாட்டேன் என்பதை அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சட்டத்தை மீறி நடக்கும் வேலைநிறுத்தத்தோடு பேச்சு இல்லை, முதலில் வேலைக்குத் திரும்புங்கள் என்பதே அவருடைய நிலைப்பாடு.

நகர ஆட்சிமுறையும் அந்த ஆண்டுதான் மாறியிருந்தது. ஆணையர் குழு ஆண்ட நிலை போய், மேயரும் 13 உறுப்பினர் கொண்ட மன்றமும் வந்திருந்தன. உறுப்பினரில் மூவர் கறுப்பினத்தவர். தொழிலாளர் தகராற்றைத் தீர்க்கும் அதிகாரம் மேயருக்கா மன்றத்துக்கா என்பதில் எவருக்கும் தெளிவில்லை. பிப்ரவரி 22 அன்று தொழிலாளர் மன்றக் கூடத்தை நிறைத்து அமர்ந்து, அங்கேயே ரொட்டி வெட்டி உண்டு, நகர மறுத்தபோது, மன்றத்தின் குழு அங்கீகாரத்துக்கும் சந்தாப் பிடித்தத்துக்கும் பரிந்துரை செய்தது. மறுநாள் கூடிய முழு மன்றம் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டு, பொறுப்பை மேயரிடமே தள்ளிவிட்டது. ஏமாற்றத்தோடு மெயின் தெருவில் ஊர்வலம் போனவர்கள்மீது காவல் துறை கண்ணெரிச்சல் திரவத்தைப் பீய்ச்சியது. தொழிலாளரோடு நடந்த பாதிரியார்களும் அதில் தப்பவில்லை.

என் பார்வையில் இந்தப் பிப்ரவரி 23தான் நிகழ்வின் திருப்பம். ஏப்ரல் 4 இல்லை. அதுவரை துப்புரவுத் தொழிலாளரின் பிரச்சினையாக இருந்தது, கண் எரிந்த பாதிரியார்களால் மறுநாளே ஒரு நகரத்தின் கறுப்பின மக்கள் அனைவருடைய பிரச்சினையாக மாறியது.

கடைவீதியும் தேவாலயமும்

வேலைநிறுத்தத்தின் பலவீனம் வெளிப்படையாகவே தெரிந்தது. நகராட்சி கருங்காலிகளை வேலைக்கு எடுத்து, காவல் பாதுகாப்போடு வண்டிகளை ஓட்டியது. தினமும் சில வண்டிகள் கூடிக்கொண்டே வந்தன. பிப்ரவரி 24 அன்று நீதிமன்றத் தடையாணையும் வந்தது. குப்பையை அள்ளாமல் விடுவதால் மட்டும் மேயரைப் பணியவைக்க முடியாது என்பது தெரிந்துவிட்ட நிலையில், நகரத்தின் வருவாய்மீது கை வைக்க வேண்டியிருந்தது.

அன்றே கூடிய பாதிரியார்கள் ஒரு கூட்டமைப்பை அமைத்தனர். அதற்குத் தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் லாசன். மெதடிஸ்ட் திருச்சபையின் பணிக்காக 1953 முதல் 1956 வரை நாக்பூரில் வாழ்ந்து, காந்தியின் சத்தியாகிரக முறையை அங்கே ஆழ்ந்து கற்றவர் அவர். நாஷ்வில்லில் உணவக மறியலுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்த அனுபவமும் அவருக்கு இருந்தது. நகர மையத்துக் கடைகளில் எதுவும் வாங்காதே, வேலைநிறுத்தத்தைத் தாக்கி எழுதும் இரண்டு நாளிதழ்களை வாங்காதே, லோப் என்ற பெயர் தாங்கிய எந்த நிறுவனத்துக்கும் போகாதே என்று கூட்டமைப்பு அறிவித்தது. கிளேபார்ன் கோயில் என்ற தேவாலயத்திலிருந்து நகர மன்றம்வரை தினமும் ஊர்வலம் நடந்தது. பகலில் தொழிலாளர் கூடியது ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைத் தொழிலாளரின் சங்க மண்டபத்தில். மாலைக் கூட்டங்கள் தேவாலயங்களில். வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் நிகரான அன்றாடச் செலவுகளுக்கும் உதவியது பெரும்பாலும் தேவாலயத் தட்டில் விழுந்த காசுதான்.

மார்ச் 18 அன்று மேசன் கோயில் என்ற தேவாலயத்தில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய கிங், நகரம் முழுவதும் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்ய அழைத்தார். ஏழை மக்கள் இயக்கத்தை வாஷிங்டனுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் இருந்த அவருக்கு, முழுநேர வேலை செய்தும் ஏழையாகவே இருக்கும் இந்த மனிதர்கள் தம் வாதத்தின் உயிருள்ள சான்றாகத் தெரிந்தனர். குறித்த நாளான மார்ச் 22 அன்று, தெற்கத்திய நகரமான மெம்பிஸில் ஓரடிக்கும் மேல் பனி கொட்டியது. நகரம் தானாகவே நின்றுபோனது, ஊர்வலம் நடக்கவில்லை.

ஒத்திவைத்த ஊர்வலம் மார்ச் 28 அன்று புறப்பட்டது. ‘நான் மனிதன்’ என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டைகளை நூற்றுக்கணக்கான தொழிலாளர் அன்று ஏந்தினர். அறுபது வயதுக் கறுப்பின ஆணையும் வெள்ளையர் ‘பையா’ என்றே அழைத்த ஊர் அது. அந்த அழைப்புக்கான பதில்தான் அட்டையில் இருந்தது. அந்த வரிசையைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற எர்னஸ்ட் விதர்ஸ், கூட்டரசுப் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர் என்பது 2010இல், அவர் இறந்தபின், வெளியானது. போராட்டத்துக்கு என்றென்றும் முகம் கொடுத்த கைதான் அதை வேவு பார்க்கவும் உதவியது.

ஊர்வலத்தின் பின்பகுதியில் சில இளைஞர் கடைக் கண்ணாடிகளை உடைக்க, காவல் துறை தடியடியும் கண்ணீர்ப்புகையும் தொடங்கியது. லாரி பெய்ன் என்ற 16 வயதுச் சிறுவன் காவலர் ஒருவரின் துப்பாக்கிக்குப் பலியானான். ஏறத்தாழ 4,000 தேசியக் காவல்படையினர் நகருக்குள் வந்தனர்; ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அறவழி ஊர்வலம் தம் தலைமையில் கலவரமாக முடிந்தது கிங்கின் பெயருக்கு நேர்ந்த பெரிய இழுக்காகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. அதைத் துடைக்கவே அவர் ஏப்ரல் 3 அன்று மீண்டும் வந்தார். புயல் மழையில் மேசன் கோயிலில் அன்றிரவு பேசினார். மறுநாள் மாலை ஆறு மணி அளவில், லொரெய்ன் விடுதியின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது சுடப்பட்டார்.

உடன்படிக்கையில் இருந்ததும் இல்லாததும்

அந்த இரவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. தொழிலாளர் துறைத் துணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸை அதிபர் ஜான்சன் மெம்பிஸுக்கு அனுப்பினார். ஏப்ரல் 8 அன்று கிங்கின் மனைவி கொரெட்டா முன்னே நடக்க, பல்லாயிரம் பேர் ஓசையின்றி நகரத்தின் நடுவே நடந்தனர். வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதர் 50,000 டாலர் நன்கொடை அறிவித்தார். இவ்வளவுக்குப் பிறகும் பேச்சுவார்த்தை மேலும் எட்டு நாள் நீடித்தது. எங்கே முட்டிக்கொண்டு நின்றது என்றால், மீண்டும் அந்தச் சந்தாப் பிடித்தத்தில்தான்.

கடைசியில் கிடைத்த வழி, கணக்காளர்கள் ரசிக்கத் தக்கது. நகராட்சி சங்கத்துக்காகச் சந்தா பிடிக்காது. தொழிலாளி விரும்பினால் அவருடைய கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு ஒரு தொகையைப் பிடித்து அனுப்பும். கடன் சங்கம் அதிலிருந்து சந்தாவைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பும். சந்தாப் பிடித்தத்துக்கு இணங்கவில்லை என்று மேயர் சொல்லிக்கொள்ளலாம். மாதம் பிறந்தால் சந்தா சங்கத்துக்கு வந்துவிடும். கூலி உயர்வு மே 1 முதல் 10 சென்ட், செப்டம்பர் 1 முதல் மேலும் 5 சென்ட். நிதியாண்டு இடையில் நகராட்சியிடம் பணமில்லை என்ற சிக்கலை, மருந்து நிறுவன அதிபர் ஏப் பிளவ் பெயர் வெளியிடாமல் கொடுத்த நன்கொடை தீர்த்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், குறைதீர்ப்பு முறை, இனப் பாகுபாடு பார்க்காத பதவி உயர்வு ஆகியவையும் உடன்படிக்கையில் இடம்பெற்றன. ஏப்ரல் 16 அன்று மன்றம் ஏற்றுக்கொண்டது. கிளேபார்ன் கோயிலில் திரண்டிருந்த தொழிலாளரும் ஒருமனதாக ஏற்றனர்.

இங்கே ஒரு மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். கிங் கொல்லப்படாமல் இருந்திருந்தால் லோப் இறங்கி வந்திருப்பாரா, வேலைநிறுத்தம் முந்தைய முயற்சிகளைப் போலவே தோற்றிருக்குமா என்ற கேள்வி நியாயமானது. கருங்காலி வண்டிகள் கூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தால், தோல்வி எளிதில் வந்திருக்கலாம். ஆனாலும் கடைப் புறக்கணிப்பால் வியாபாரம் சரிந்த வணிகர்கள் மார்ச் மாதத்திலேயே சமரசத்தை விரும்பத் தொடங்கியிருந்தனர். வாஷிங்டனின் தலையீட்டை வரவழைத்தது படுகொலைதான். ஆனால் ரெனால்ட்ஸ் வந்து இறங்கியபோது, எட்டு வாரம் கலையாமல் நின்ற ஒரு சங்கம் எதிர்ப்பக்கத்தில் உட்கார இருந்தது. அது இல்லாவிட்டால் அவர் யாரோடு யாரைச் சமரசம் செய்து வைத்திருப்பார்?

மெம்பிஸுக்குப் பின் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் துப்புரவுத் தொழிலாளரும், 1969இல் சார்ல்ஸ்டன் மருத்துவமனைப் பெண் ஊழியரும் இதே வழியில் இறங்கினர். 1733ஆம் கிளை மெம்பிஸின் வலுவான சங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் உடன்படிக்கை தராத ஒன்று முதுமையில் உறைத்தது. நகராட்சி ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் கூட்டரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அன்று சேர்ந்தவர்களுக்கு அந்தப் பணம் போதவில்லை. சிலர் எண்பது வயதைக் கடந்தும் குப்பை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தனர். 2017இல்தான், அப்போது உயிரோடிருந்த 1968 வேலைநிறுத்தக்காரர் 14 பேருக்குத் தலா 50,000 டாலர் வழங்க நகராட்சி முன்வந்தது. பிறகு தொகையும் பெறுவோர் எண்ணிக்கையும் உயர்ந்தன.

அடுத்த ஆண்டு, வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் நினைவாண்டில், அதே சம்மேளனத்துக்கு எதிராக ஜேனஸ் என்பவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரின் சம்பளத்திலிருந்து, அவருக்காகவும் சங்கம் பேரம் பேசும் செலவின் பங்கைக் கட்டாயமாகப் பிடிப்பது பேச்சுரிமைக்கு முரண் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் கூறினர். 2023இல் டென்னசி சட்டமன்றம் ஆசிரியர்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 50,000 டாலருக்கு உயர்த்தியதும், அவர்களுடைய சம்பளத்திலிருந்து சங்கச் சந்தா பிடிப்பதைத் தடை செய்ததும் அந்த ஒரே சட்டம்தான்.